கால் மதமதப்புக்குச் சர்க்கரை மட்டுமா காரணம்? பி12 ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கும் விதம்

கறவை மாட்டுக்குத் தீவனத்தோடு தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னால், பெரம்பலூர், அரியலூர் பக்கத்து விவசாயிகள் தட்டாமல் வாங்கிப் போடுகிறார்கள். அந்தக் கலவையில் துளியளவு கோபால்ட்டும் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கோபால்ட்டை எடுத்து ஒரு சத்தைத் தயாரிக்கின்றன. அதுதான் வைட்டமின் பி12. ஆடு, மாடு தன் வயிற்றுக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிற இந்தச் சத்தை மனிதன் சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும். சோளத்திலும் கம்பிலும் இது இல்லை. முருங்கைக்கீரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி12 இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கருவாடு, கறி, ஈரல் ஆகியவைதான் இதற்கு வழி.

மாட்டுக்குத் தாது உப்பு வாங்குகிற வீட்டிலேயே மனிதருக்கு இந்தச் சத்து குறைந்துபோவது உண்டு. வேப்பந்தட்டை வட்டாரத்தில் இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடும் ஒரு குடும்பத்தில் அப்படித்தான் ஆனது. மாமியாருக்கு வயது 59. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. கணவர் இறந்த பிறகு சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். ஆனால் கறக்கிற பால் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போய்விடும். டீக்கு ஊற்றும் கால் டம்ளர்தான் வீட்டில் தங்கும்.

இரவில் மட்டும் விழுந்தார்

முதலில் பாதம் எரிந்தது. பிறகு மதமதவென்று ஆனது. செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு பாதித் தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் போய்த் தேடினார். "தரையில நடக்கிற மாதிரியே இல்ல, பஞ்சு மூட்டையில நடக்கிற மாதிரி இருக்குது" என்று மருமகளிடம் சொன்னார். பகலில் சமாளித்தவர், ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் போடப் போகும்போது வரப்பில் இரண்டு முறை விழுந்தார்.

"சர்க்கரை வந்தா காலு இப்படித்தான் ஆகும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். பக்கத்து ஊரில் 'நரம்பு ஊசி' ஐந்து போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தார். பி12 அளவு 2000-க்கு மேல் என்று சீட்டு வந்தது. "சத்து நெறைய இருக்கு, அதனால இது சர்க்கரைக் கால்தான்" என்று பேச்சு முடிந்தது.

முடிக்க விடாதவர் மருமகள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே மருத்துவர் பெருவிரலில் அதிர்வுக்கவையை வைத்துப் பார்த்தார். அதிர்வு தெரியவில்லை. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடிய உடனே ஆள் தள்ளாடினார். பாதம் எங்கே இருக்கிறது என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் தளர்ந்திருந்தால், பகலில் கண் அந்த வேலையைச் செய்துவிடும். இருட்டில் செய்ய முடியாது. வரப்பில் ராத்திரி மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

"ஊசி எப்ப போட்டீங்க? ரத்தம் எப்ப கொடுத்தீங்க?"

"ஊசி முடிஞ்சு நாலாம் நாளுங்க சார்" என்றார் மருமகள்.

மருத்துவர் மாமியார் பக்கம் திரும்பினார். "ஏம்மா, யூரியா போட்ட மறுநாள் மண்ணெடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்தா என்ன சொல்வாங்க?"

"தழைச்சத்து ஏகத்துக்கு இருக்குன்னு சொல்வாங்க."

"உங்க சீட்டும் அதையேதான் சொல்லுது. ஊசிக்கு முன்னாடி எடுத்த சீட்டு ஏதாவது இருக்கா?"

இருந்தது. பதினொரு மாதம் முன்பு மகன் திருச்சிக்கு அழைத்துப் போய் முழு உடல் பரிசோதனை எடுத்திருந்தார். அந்தச் சீட்டுகள் பட்டா, சிட்டாவோடு மஞ்சப்பையில் பெட்டிக்குள் கிடந்தன. அன்றைக்கு எல்லாரும் சர்க்கரையையும் கொழுப்பையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்கள். மறுநாள் மருமகள் கொண்டுவந்து காட்டினார். மூன்றாம் பக்கத்தில் வைட்டமின் பி12: 138. பக்கத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து. குறைவு என்பதற்கான அடையாளம் அது.

எண்ணுக்குப் பின்னால் இருப்பது

பி12 பரிசோதனையில் முதலில் பார்க்க வேண்டியது அலகு. நம்மூர் ஆய்வகங்கள் பெரும்பாலும் பிகோகிராம் / மில்லிலிட்டர் என்று கொடுக்கின்றன. சில இடங்களில் பிகோமோல் / லிட்டர் என்று வரும். 1 பிகோமோல் என்பது 1.355 பிகோகிராம் கணக்கு. ஆகவே 180 பிகோமோல் என்று ஒரு சீட்டிலும் 244 பிகோகிராம் என்று இன்னொரு சீட்டிலும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். மரக்கால் கணக்கையும் கிலோ கணக்கையும் குழப்பிக்கொண்டால் நெல் வியாபாரம் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

பிகோகிராம் கணக்கில், பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவியும் முறையும் மாறுவதால் எல்லைக்கோடும் கொஞ்சம் மாறும். சீட்டிலேயே அச்சிட்டிருக்கும் இயல்பு அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

இந்தப் பரிசோதனை ரத்தத்தில் உள்ள மொத்த பி12-ஐத்தான் அளக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்குதான் உடலின் செல்களுக்குள் நுழையக்கூடிய வடிவில் இருக்கிறது. அணையில் தண்ணீர் நிற்பது வேறு, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது வேறு என்பது வாய்க்கால் பாசன விவசாயிக்குத் தெரியும். அதனால்தான் எண் 250 என்று இருந்தும் காலில் மதமதப்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

எண் சந்தேக எல்லையில் நின்றால் மேலும் இரண்டு பரிசோதனைகள் உதவும். ஒன்று ஹோமோசிஸ்டீன். இன்னொன்று எம்எம்ஏ எனப்படும் மெத்தில்மலோனிக் அமிலம். பி12 இல்லாவிட்டால் உடலில் சில வேலைகள் பாதியில் நின்று, இந்த இரண்டும் ரத்தத்தில் தேங்கிவிடும். ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். எம்எம்ஏ அப்படி ஏறாது, பி12-ஐயே சுட்டிக்காட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இரண்டுமே கூடுதலாகக் காட்டலாம் என்பதால் மருத்துவர் அதையும் சேர்த்துப் பார்ப்பார்.

வெங்காயம் தரம் பிரிப்பது போல

அதே பழைய சீட்டில் ஹீமோகுளோபின் 10.2 என்று இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 93. இது 80 முதல் 100-க்குள் இருந்தால் இயல்பு. பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்துப்போய் எம்சிவி 100-ஐத் தாண்டும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மருமகள் செல்போனில் அதைப் படித்திருந்தார். "அப்ப இவங்களுக்கு ஏன் சார் ஏறல?" என்று கேட்டார்.

மருத்துவர் கீழே இருந்த ஆர்டிடபிள்யூ என்ற வரியைக் காட்டினார். 19.4 என்று இருந்தது. வழக்கமாக 14.5-ஐத் தாண்டக் கூடாது. சிவப்பணுக்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்பதை அந்த எண் சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுத்துவிடும். பி12 குறைந்தால் பெருத்துவிடும். இரண்டும் ஒரே ஆளுக்குக் குறைந்தால் சிறிசும் பெரிசும் கலந்து, சராசரி நடுவில் வந்து நின்றுவிடும்.

செட்டிகுளம் பக்கம் வெங்காயம் விற்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெருவெட்டும் பொடியும் கலந்த மூட்டையின் சராசரியைப் பார்த்து எந்த வியாபாரியும் விலை வைப்பதில்லை. கொட்டித்தான் பார்ப்பார். ரத்தத்தைக் கொட்டிப் பார்ப்பது போன்ற பரிசோதனையும் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தவர்களுக்கு, வெள்ளையணு ஒன்றின் உட்கரு வழக்கத்தைவிட அதிக மடல்களாகப் பிரிந்து, ஆறு மடலோடுகூடத் தெரியும். இது செலவு குறைந்த, நல்ல தடயம்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்துவிட்டால் பி12 குறைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம் கெடுமுன் நரம்பு கெடுவது உண்டு. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ரத்தம் தேறிவிடும், உள்ளே நரம்பு தொடர்ந்து கெடும். இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அது அவசியம். கால் மதமதப்பு உள்ளவர்கள் ஃபோலிக் அமிலத்தோடு நின்றுவிடாமல் பி12-ஐயும் பார்க்க வேண்டும் என்பதே செய்தி.

ஆட்டில் தொடங்கிய கதை

இந்தச் சத்தின் வரலாற்றில் ஆடு வளர்ப்பவர்களுக்கும் இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் சில பகுதிகளில் புல் நிறைய இருந்தும் செம்மறி ஆடுகள் மெலிந்து செத்தன. அந்த மண்ணில் கோபால்ட் இல்லாததுதான் காரணம் என்று 1935 வாக்கில் கண்டுபிடித்தார்கள். துளியளவு கோபால்ட் கொடுத்ததும் ஆடுகள் தேறின. அதே காலத்தில் மனிதர்களில், ஈரல் சாப்பிட்டால் ஒரு கொடிய ரத்தசோகை குணமாவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் மூவருக்கு 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தச் சத்தை 1948-ல் பிரித்தெடுத்தபோது, அதன் நடுவே கோபால்ட் இருந்தது.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பாலை நம்பியே வளர்ந்த கைக்குழந்தைகளைப் பற்றியது அது. குழந்தைகள் சோர்ந்து, சிரிப்பை மறந்து, கற்ற வளர்ச்சிகளை இழந்து, தோல் கறுத்து, கைகால் தானாக அசையும் நிலையில் வந்தார்கள். தாய்க்கே பி12 இல்லாததால் பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள்.

அரசு மருத்துவர் மருமகளையும் பரிசோதிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அவருக்கு 231 வந்தது, சந்தேக எல்லை. குழந்தை நன்றாகவே இருந்தது. பால் கொடுக்கிற காலம் என்பதால் காத்திருக்காமல் அவருக்கும் மாத்திரை எழுதினார்.

மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா?

மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். அதைக் கேட்டதும் மருமகள், "அப்ப அந்த மாத்திரைய நிறுத்திரலாமா சார்?" என்றார்.

"நிறுத்தவே கூடாதும்மா. சர்க்கரை ஏறினா அதுவும் நரம்பத்தான் கெடுக்கும். மாத்திரை அது பாட்டுக்குப் போகட்டும். பி12-ஐ நாம தனியாக் கொடுத்துருவோம்."

வயிற்றுப்புண்ணுக்கென்று ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள், இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள், பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்கள் ஆகியோருக்கும் இந்தக் குறை வரலாம். சாப்பாட்டிலிருந்து பி12-ஐப் பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும். பிறகு இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோக வேண்டும். வழியில் எங்கே தடைபட்டாலும் சத்து சேராது. ஈரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. மழை நின்றும் கிணறு சில காலம் தாக்குப்பிடிப்பது போலத்தான். தெரியவரும்போது தண்ணீர் அடியில் போயிருக்கும்.

மாமியாருக்கு ஊசி முதலில் அடுத்தடுத்தும், பிறகு இடைவெளி விட்டும் தொடர்ந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது. நரம்பு அவ்வளவு வேகமாகத் தேறவில்லை. எட்டு மாதம் கழித்து முழங்காலுக்குக் கீழே இருந்த மதமதப்பு போய்விட்டது. உள்ளங்காலில் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. அது முழுதாகப் போகுமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. மஞ்சப்பையில் சீட்டு கிடந்த பதினொரு மாதம் அந்த நரம்புக்கு நட்டம்தான்.

வேண்டுதலை விடச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவில்லை. பி12 மருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிப்பது, கறியிலிருந்து எடுப்பதில்லை என்று மருத்துவர் சொன்னதும் நிம்மதியானார். இப்போது தினமும் அரை லிட்டர் பாலை வீட்டுக்கு நிறுத்திக்கொள்கிறார்கள். "பாலு குறையுதே, மாடு வத்துதா?" என்று சொசைட்டியில் கேட்டார்கள். "வத்தலைங்க, வீட்ல குடிக்கிறோம்" என்றார் மருமகள்.

அடிக்கடி வரும் கேள்விகள்

*ஒரு நாளைக்கு எவ்வளவு பி12 தேவை?* பெரியவர்களுக்கு 2.4 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 2.6, பாலூட்டும் தாய்க்கு 2.8. பசும்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 0.4, ஒரு முட்டையில் ஏறத்தாழ 0.5 மைக்ரோகிராம் இருக்கும். ஆட்டு ஈரலில் மிக அதிகம்.

*சுருள்பாசியில் பி12 நிறைய என்கிறார்களே?* அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மனித உடலில் வேலை செய்யாது. அதை நம்பி மருந்தை விட வேண்டாம். பழைய சோற்றையும் பி12-க்காக நம்ப முடியாது.

*ஏற்கெனவே ஊசி போட்டாகிவிட்டது, என்ன செய்வது?* எந்த ஊசி, எத்தனை, எந்தத் தேதியில் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசிக்குப் பிறகு எடுத்த கூடுதல் எண்ணை வைத்துக் குறை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தாலும் சொல்லிவிடுங்கள். முடி வளர்வதற்கென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் பி12 எண்ணையே மாற்றிக் காட்டும்.

*யார் பரிசோதிக்க வேண்டும்?* மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்கள், கால் எரிச்சல், மதமதப்பு, இருட்டில் தள்ளாட்டம், நாக்குப் புண், காரணம் தெரியாத ரத்தசோகை, வயதானவர்களில் திடீர் மறதி உள்ளவர்கள். ஊசிக்கோ மாத்திரைக்கோ முன்பே ரத்தம் கொடுப்பது நல்லது. சீட்டு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் பாருங்கள். 'எல்' அல்லது 'எச்' என்று எந்த வரியில் இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு மஞ்சப்பையில் வையுங்கள்.